உயிரோடு இருக்கும்போதே உட்கார வையுங்கள்

என்னிடம் உருவப்படம் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் துக்க வீட்டிலிருந்து வருகிறார்கள். பதினாறாம் நாள் காரியத்தோடு படத்திறப்பு. அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கும். திறந்துவைக்கப்போகிற பிரமுகர் யார் என்பதும் முடிவாகியிருக்கும். கையில் கொண்டுவருவது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இல்லையென்றால் வாக்காளர் அட்டை, அதுவும் இல்லையென்றால் பேத்தி கல்யாண ஆல்பத்தில் மூன்றாம் வரிசையில் எட்டிப்பார்க்கும் ஒரு தலை. "கொஞ்சம் சிரிச்ச மாதிரி போட்டுடுங்கம்மா, சட்டையை வெள்ளையா மாத்திடுங்க" என்பார்கள். கட்டம் போட்டு, அளவு பிசகாமல் வரைந்து கொடுக்கிறேன். வீட்டார் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். அந்த நேரத்தில் ஓவியர் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பொதுவில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்படி வரைந்த படத்தில் சாயல் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். பள்ளிக்கூட ஹால்களிலும் சபாக்களிலும் நூலகங்களிலும் வரிசையாகத் தொங்கும் நம் பெரியவர்களின் படங்களைக் கவனித்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே மாதிரி நேராகப் பார்க்கிறார்கள், ஒரே மாதிரி லேசாகப் புன்னகைக்கிறார்கள். அவர்களில் யார் முன்கோபி, யார் கூச்ச சுபாவி, யார் எதிரே இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கிறவர் என்று அந்தப் படங்களைக் கொண்டு சொல்ல முடியாது. ஆள் போன பிறகு போட்டோவிலிருந்து வரைவதால் வந்த வினை இது. மதிக்கத்தக்க மனிதர்களை அவர்கள் இருக்கும்போதே ஓவியர் முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

முகத்தில் குணம் தெரியுமா என்று கேட்பார்கள். சாமுத்திரிகா லட்சணம் தெரியும் என்கிறது. நெற்றி இப்படி இருந்தால் இன்ன பலன், மூக்கு அப்படி இருந்தால் இன்ன குணம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூக்கு பாட்டனார் கொடுத்தது. அதற்கும் ஒருவருடைய நேர்மைக்கும் சம்பந்தமில்லை. அந்த மூக்கையும் கண்ணையும் வாயையும் சுமந்துகொண்டு ஒருவர் இன்னொருவர் முன்னால் எப்படி இருக்கிறார், கழுத்தைத் தோள்மேல் எப்படி நிறுத்துகிறார், பார்வையைக் கொடுக்கிறாரா ஒதுக்குகிறாரா, கையை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் அவர் வாழ்ந்து பழகியது. ஓவியத்தில் குணம் வருவது இந்த வழியில்தான்.

இதற்கு நான் அறிந்த மிகப் பெரிய சாட்சி, 1650இல் ரோம் நகரத்தில் ஒரே கையால் தீட்டப்பட்ட இரண்டு படங்கள். வரைந்தவர் தியேகோ வெலாஸ்கெஸ், ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் அரண்மனை ஓவியர். மன்னருக்காகக் கலைப்பொருட்கள் வாங்க இத்தாலிக்குப் போயிருந்தார். அங்கே இருந்த காலத்தில் போப் பத்தாம் இன்னசென்ட்டை வரைந்தார். தன்னுடன் ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஹுவான் தெ பரேஹாவையும் வரைந்தார். பரேஹா அவருடைய அடிமை. சட்டப்படி அவர் வெலாஸ்கெஸின் சொத்து. ஓவியக்கூடத்தில் அவருக்கு உதவியாளராகவும் இருந்தவர்.

போப்பின் படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சிவப்புத் திரைக்கு முன்னால், சிவப்பு நாற்காலியில், சிவப்புத் தொப்பியும் சிவப்பு மேலங்கியுமாக ஒரு முதியவர். எழுபதைத் தாண்டிய வயது. முகமும் அந்தச் சிவப்பை வாங்கி லேசாக வியர்த்த மாதிரிப் பளபளக்கிறது. உதடுகள் இறுகியிருக்கின்றன. புருவத்துக்குக் கீழிருந்து வரும் பார்வை, வந்தவன் எதற்காக வந்திருக்கிறான் என்று எடைபோடுகிறது. இத்தனைக்கும் கைகள் நாற்காலியின் கைப்பிடிகள்மேல் சாவகாசமாகக் கிடக்கின்றன. ஒரு கையில் மோதிரம், இன்னொரு கையில் ஒரு தாள். அந்தத் தாளில் ஓவியரின் பெயர். முகம் விழிப்பாகவும் கை ஓய்வாகவும் இருப்பதை ஒரே உடம்பில் காட்டியிருக்கிறார். அதிகாரத்தில் பழுத்தவர்களிடம் இதை நேரில் பார்க்கலாம்: யாரையும் நம்ப மாட்டார்கள், ஆனால் அவசரமும் பட மாட்டார்கள். படத்தைப் பார்த்த போப், உண்மை ரொம்பவே அதிகமாகிவிட்டது என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே இருக்கட்டும். படம் ஒழிக்கப்படவில்லை. ரோமில் அவருடைய குடும்பப் பெயர் தாங்கிய தோரியா பம்ஃபிலி மாளிகையில் இன்றும் இருக்கிறது.

பரேஹாவின் படத்தை என்னால் நேரில் பார்க்க முடிந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1970இல் லண்டன் ஏலத்தில் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அதற்கு முன் எந்த ஓவியமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. அந்த விலையை நினைத்துக்கொண்டு போனால் படம் சின்னதாகத் தெரியும், உயரம் மூன்றடிகூட இல்லை. சாம்பலும் பச்சையும் கலந்த வெறும் பின்னணி. நாற்காலி இல்லை, திரை இல்லை, தாள் இல்லை. இடுப்புவரை ஓர் ஆள். உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது, முகம் மட்டும் நம் பக்கம் வந்திருக்கிறது. ஒரு கை மேலாடையைப் பற்றி உடம்புக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. நெற்றியில் விழுந்த வெளிச்சம் மூக்கின் வழியாக இறங்குகிறது.

நான் வெகுநேரம் நின்றது அந்தக் காலரின் முன்னால். நாலடி தள்ளி நின்றால் அகலமான வெள்ளை லேஸ் காலர், ஓரத்து வளைவுகள் உட்பட. கிட்டே போனால் லேஸைக் காணோம். சாம்பலும் வெள்ளையுமாகத் தீற்றல்கள், ஒன்றின்மேல் ஒன்று, காயும் முன்னே இழுத்துவிட்ட மாதிரி. உடையில் இவ்வளவு வேகமாகப் போன தூரிகை முகத்துக்கு வந்ததும் நிதானமாகிறது. கன்னத்தின் வெளிச்சப் பக்கத்து விளிம்பு தெளிவாக இருக்கிறது; நிழல் பக்கம் முடியும் தாடியும் பின்னணிக்குள் கரைந்துபோகின்றன. இதை நாங்கள் விளிம்பைத் தொலைப்பது என்போம். எங்கே விளிம்பைப் பிடிப்பது, எங்கே தொலைப்பது என்பதில்தான் ஓவியர் யாரைப் பார்த்தார் என்பது தெரியும். இங்கே பிடித்திருப்பது நெற்றி, கண்கள், நிமிர்ந்த கழுத்து. தன்னை இன்னொருவன் உடைமை என்று சட்டம் சொல்லும் ஒருவர், அந்த உடைமைக்காரனையே நேர்கொண்டு பார்க்கிறார். அவர் கண்ணில் கெஞ்சலோ முறைப்போ இல்லை. அந்த இடத்தில் இன்று நிற்பது நாம் என்பதால் அந்தப் பார்வை நமக்கு வந்து சேருகிறது.

பலோமினோ என்ற ஸ்பானிய எழுத்தாளர் 1724இல் வெளியிட்ட ஓவியர் வாழ்க்கை வரலாற்றில், போப்பை வரையும் முன் கை பழகிக்கொள்ளவே வெலாஸ்கெஸ் பரேஹாவை வரைந்தார் என்கிறார். வரைந்த படத்தைப் பரேஹாவிடமே கொடுத்து நண்பர்களிடம் காட்டிவரச் சொன்னாராம். அவர்கள் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்துத் திகைத்தார்களாம். 1650 மார்ச் மாதம் பாந்தியன் ஆலயத்தில் படம் காட்சிக்கு வைக்கப்பட்டது. நவம்பரில் வெலாஸ்கெஸ் பரேஹாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார். அதிலும் ஒரு நிபந்தனை: இன்னும் நான்காண்டு ஊழியம் செய்த பிறகே விடுதலை. இது என்னை உறுத்துகிறது. அந்த முகத்தில் அத்தனை கண்ணியத்தைக் கண்டுகொண்ட மனிதர், விடுதலையில் நான்காண்டைப் பிடித்துவைத்துக்கொண்டார். ஓவியரின் கண் நல்லதாக இருந்தால் ஓவியரும் நல்லவர் என்று நான் வாதாட மாட்டேன். அந்தக் கண் என்ன கண்டதோ அது படத்தில் இருக்கிறது, அதுபோதும் எனக்கு.

பரேஹா பிற்பாடு சொந்தமாக ஓவியரானார். 1661இல் அவர் வரைந்த, புனித மத்தேயுவை ஏசு அழைக்கும் காட்சி மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் தன்னையே வரைந்து, கையில் கையெழுத்திட்ட தாளோடு நிறுத்தியிருக்கிறார். அந்த முகம் வெலாஸ்கெஸ் வரைந்த முகம் மாதிரி இல்லை. நிறம் வெளுத்திருக்கிறது, முகம் ஒடுங்கியிருக்கிறது. எது நிஜமான பரேஹா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதாடட்டும். எனக்கு இரண்டும் வேண்டும். தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதை அவர் வரைந்த படம் சொல்கிறது. பல ஆண்டு கூடவே இருந்த ஒருவர் முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதை வெலாஸ்கெஸின் படம் சொல்கிறது. வரைகிறவரும் உட்காருகிறவரும் ஓர் அறையில் சேர்ந்து கழித்த நேரம் இல்லாமல் இந்த இரண்டாவது விஷயம் யாருக்கும் கிடைக்காது.

என் தொழிலில் நான் கண்டதையும் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை அவருடைய பேரன் வரையச் சொன்னான். பெரியவர் நல்ல திடமாக இருந்தார். முதலில் போட்டோவைத்தான் அனுப்பினான்: ஆதார் அட்டைக்கு எடுத்தது, கடுகடு என்று ஒரு முகம். நான் ஆளை அனுப்பு என்றேன். காலை வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், கையில்லாத மர நாற்காலியில் உட்கார வைத்தேன்.

முதல் நாள் அவரும் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். எல்லோரும் அப்படித்தான். ஸ்டூடியோக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொடுத்த பாடம்: தோளை நேராக வை, தாடையை இறக்கு, அசையாதே. அரைமணி நேரத்துக்குமேல் அதை யாராலும் பிடித்துவைக்க முடியாது. உடம்பு தன் பழக்கத்துக்குத் திரும்பும். அவருடைய இடது தோள் மெல்ல இறங்கியது. வலது தோளைவிட நன்றாகவே தாழ்வு. தபால் பை தொங்கிய தோள் அது. அவரைக் கேட்காமலேயே புரிந்தது.

புரியாதது வாய். கண்கள் என் கையை, தூரிகையை, தட்டில் இருந்த வண்ணத்தை எல்லாம் துருதுருவென்று கவனித்தன. மூக்குக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. சிரிப்பான விஷயம் சொன்னாலும் கண்தான் சிரித்தது. அடுத்த முறை வந்தபோது பழைய கதை பேச ஆரம்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் கடிதத்தை அவரேதான் படித்துக்காட்டுவாராம். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கடிதத்தில் சாவு இருக்கும், கடன் இருக்கும், மகள் புகுந்த வீட்டில் படும் பாடு இருக்கும். "படிக்கிறவன் மூஞ்சி மாறுச்சுன்னா திண்ணையில உள்ளவனுக்கெல்லாம் சேதி தெரிஞ்சுபோயிடும்மா. மொதல்ல நான் மனசுக்குள்ள படிச்சிடுவேன். அப்புறம் அந்த ஆத்தாளை மட்டும் உள்ளே கூப்புட்டுச் சொல்லுவேன்" என்றார்.

ஆதார் போட்டோவில் கடுகடுப்பாகத் தெரிந்தது இதுதான். ஊராரின் ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகவே அசையாமல் பழகிய வாய். அதன் பிறகு எனக்கு வேலை சுலபமாயிற்று. முகத்தின் கீழ்ப்பாதி முழுவதையும் ஒரே நடுத்தர நிழலில், பர்ன்ட் அம்பரும் எல்லோ ஓக்கரும் கலந்து அடக்கிவைத்தேன். உதட்டோரத்தில் கூர்மையான கோடு எதுவும் போடவில்லை. வெளிச்சத்தையெல்லாம் கண்களுக்குக் கொடுத்தேன். இடது தோளை இறங்கினபடியே விட்டேன். பேரன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டுவரட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். முடிந்த படத்தைப் பார்த்த அவர் மனைவி, "என்கிட்டயும் இப்படித்தான் உக்காந்திருப்பாரு, ஒண்ணும் வெளியே விடாம" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை.

புகைப்படத்தை நான் குறைசொல்லவில்லை. பெரிய புகைப்படக்காரர்கள் ஆளோடு பழகி, காத்திருந்து எடுத்த படங்களில் குணம் பொங்கும். படத்திறப்புக்கு வந்து சேருவது அந்தப் படங்களல்ல. அடையாள அட்டைக்கான படம், ஆளை இன்னார் என்று உறுதிசெய்வதற்காக எடுக்கப்படுவது. நேர்ப் பார்வை, சமமான வெளிச்சம், உணர்ச்சி கூடாது. செல்போனில் கைநீட்டு தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். அவற்றை வைத்து எத்தனை கெட்டிக்கார ஓவியர் வரைந்தாலும், படத்தில் இல்லாத தோளை அவர் கற்பனையில்தான் நிமிர்த்த வேண்டும். இப்போது செல்போன் செயலியே போட்டோவை எண்ணெய் வண்ண ஓவியம் மாதிரி மாற்றித் தந்துவிடுகிறது. அச்சடித்துச் சட்டம் போட்டால் பத்தே நிமிடம். தூரிகைத் தடம் மாதிரி ஒன்று அதில் தெரியும். யாரும் யாரையும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

ஆளே உட்காராமல் வரைந்த படம் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். ஓவியர் கே.ஆர்.வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர் படம் அப்படிப்பட்டதுதான். 1964இல் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் அதைச் சட்டமன்றத்தில் திறந்துவைத்தார். அந்தப் படத்தை நான் வணங்குகிறேன். அது குறளைப் படித்தவர் மனத்தில் எழும் ஓர் உருவம். அதற்கு மாதிரிக்கு ஆள் தேவையில்லை, கிடைக்கவும் மாட்டார். நம்மோடு வாழ்ந்து, நம்மைத் திட்டி, நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த தலைமையாசிரியரை எதற்காக அந்த வரிசையில் வைக்க வேண்டும்? அவருக்கு ஒரு முகம் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு பொதுவான சான்றோர் முகத்தை மாட்டிவிடுகிறோம்.

உயிரோடு உட்கார வைத்தால் ஒரு சிக்கல் வரும் என்பது எனக்குத் தெரியும். உட்கார்ந்தவருக்கே படம் பிடிக்காமல் போகலாம். பிரிட்டனின் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு 1954 நவம்பர் 30, எண்பதாவது பிறந்தநாள். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து கிரஹாம் சதர்லண்டைக் கொண்டு அவரை வரையச் செய்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வழங்கின. முந்தைய ஆண்டுதான் பக்கவாதத்திலிருந்து மீண்டிருந்தார் சர்ச்சில். போர்க்காலச் சிங்கத்தை எதிர்பார்த்த இடத்தில், நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டு பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர் இருந்தார். சர்ச்சில் அந்தப் படத்தை வெறுத்தார். அது மறுபடி பொதுவெளிக்கு வரவே இல்லை; அவர் மனைவி கிளமென்டைனின் விருப்பப்படி எரிக்கப்பட்டுவிட்டது என்பது அந்த அம்மையார் இறந்த பிறகே, 1978இல் உலகத்துக்குத் தெரியவந்தது. சதர்லண்ட் போட்ட முன்வரைவுகள் மட்டும் தப்பின. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு வருத்தம் வரும். முதுமையோடு மல்லுக்கட்டிய அந்தப் பிடிவாதம், அவருடைய குணத்தின் ஒரு பகுதி இல்லையா?

நம் வீடுகளில் எரிக்க மாட்டார்கள். அதைவிட நாசூக்காக, "கழுத்துச் சுருக்கத்தை எடுத்துடுங்க, கருப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, குறைச்சிடுங்க" என்பார்கள். இந்த நிறத்தைக் குறைக்கும் வேண்டுகோள்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. வெயிலில் நின்று சம்பாதித்துக் குடும்பத்தைக் கரைசேர்த்த மனிதரின் தோலை, அவர் போன பிறகு அவர் பிள்ளைகளே வெளுக்கச் சொல்கிறார்கள். உயிரோடு ஒருவர் என் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வந்ததில்லை. உட்காருகிறவர் பக்கத்தில் இருப்பதே ஒரு காவல்.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆளை எதிரே உட்கார வைத்து வரைவது இரண்டிலும் மாணவர்கள் பழகும் பாடம். படிப்பு முடிந்து வெளியே வந்தால் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லை, கட்டம் போட்டுப் பெரிதாக்கும் கைக்குத்தான் வேலை. பள்ளிகளும் சபாக்களும் நூலகங்களும் ஆண்டுக்கு ஒருவரையாவது, இருக்கும்போதே, இந்த இளைஞர்களைக் கொண்டு வரையச் செய்தால் ஊரில் நல்ல படமும் இருக்கும், அவர்கள் கற்றதும் வீணாகாது. இறந்த பிறகு பிளெக்ஸுக்கும் மாலைக்கும் பந்தலுக்கும் தாராளமாகச் செலவழிக்கிற நமக்கு இது பெரிய தொகை இல்லை.

பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளியில் சத்துணவு சமைத்தவர், ஊரின் பேறுகால மருத்துவச்சி, நூலகத்தைத் திறந்து பூட்டியவர் எல்லோரும் உட்காரத் தகுந்தவர்கள். பரேஹாவை வைத்துப் பார்த்தால் அவர்கள்தான் முதலில் உட்கார வேண்டும்.

வருகிற மே மாதம் உங்கள் ஊர்ப் பள்ளியில் யாராவது ஓய்வுபெறுகிறார்கள் என்றால், பிரிவுபசார விழாவுக்கு வாங்கும் சுவர்க்கடிகாரத்தையும் பொன்னாடையையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் ஓர் ஓவியரைப் பிடியுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நல்லது, வெளிச்சம் நாள் முழுக்க அவ்வளவாக மாறாது. ஆசிரியர் தினமும் உடுத்துவதையே உடுத்திக்கொண்டு வரட்டும், மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். பழைய மாணவர் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். முதல் நாள் வரைந்ததை வைத்துக் கருத்துச் சொல்லாதீர்கள். மூன்று நான்கு காலைகள் ஓவியரை அவர் போக்கில் விட்டுவிடுங்கள்.